வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு: ஜப்பான் நேவி கடைசி வரைக்கும் காத்திருந்த அந்த ஒரு சண்டை

1942 ஆகஸ்ட் 9, நடுராத்திரி தாண்டி ஒன்றரை மணி இருக்கும், சாலமன் தீவுகள்ல சாவோன்னு ஒரு குட்டித் தீவு பக்கம். ஜப்பானோட அட்மிரல் மிகாவா ஏழு க்ரூசர் (பெரிய பீரங்கிப் போர்க்கப்பல்), ஒரு டெஸ்ட்ராயரோட (அதைவிடச் சின்ன, வேகமான போர்க்கப்பல்) லைட் எல்லாம் அணைச்சுட்டு உள்ள வர்றார். எதிர்ல இருந்த அமெரிக்கா, ஆஸ்திரேலியா கப்பல்கள்ல ராடார் இருந்துச்சு, ஆனா வெறும் பைனாகுலரை வெச்சுக்கிட்டு ஜப்பான்காரங்கதான் முதல்ல பார்த்தாங்க. ராத்திரி சண்டைக்குன்னே வருஷக்கணக்கா கண்ணைப் பழக்கி வெச்சிருந்த ஆளுங்க. அரை மணி நேரம்தான், குயின்ஸி, வின்சென்ஸ், அஸ்டோரியா, கான்பெரான்னு நாலு ஹெவி க்ரூசருக்கும் கதை முடிஞ்சுது, அந்தப் பக்கம் ஆயிரம் பேருக்கு மேல சாவு. அமெரிக்க நேவி வரலாற்றுலயே மோசமான ராத்திரிகள்ல ஒண்ணு.

இப்ப பாருங்க, மிகாவா வந்ததே அந்த க்ரூசருங்களுக்காக இல்ல. குவாடல்கனால்ங்கிற பக்கத்துத் தீவோட கரைகிட்ட அமெரிக்காவோட சப்ளை கப்பல்கள் நின்னு சாமான் இறக்கிட்டு இருந்துச்சு, ரெண்டு நாள் முன்னாடி கரை இறங்கின மரைன்களோட சோறு, தோட்டா, பீரங்கி எல்லாம் அதுலதான் இருக்கு. காவல் காத்த க்ரூசருங்க போயாச்சு, கதவு திறந்து கிடக்கு. மிகாவாவோட சொந்த கொடிக்கப்பல் சோகாயோட கேப்டன், திரும்பிப் போய் அந்த சப்ளை கப்பல்களை அடிச்சுட்டு வரலாம்னு கேட்டார். மிகாவா வேண்டாம்னுட்டு ஊர் திரும்பிட்டார். விடிஞ்சா கேரியர்ங்கிற விமானந்தாங்கிக் கப்பல்கள்லேர்ந்து அமெரிக்க விமானங்கள் வந்து கொத்திடும்னு பயம், நியாயமான பயம்தான், ஆனா அந்த கேரியருங்க அதுக்குள்ள கிளம்பிப் போயிட்டது அவருக்குத் தெரியாது. எதிரியோட போர்க்கப்பலை அடிச்சாச்சு, நம்ம பக்கம் ஒண்ணு கூட மூழ்கல, வேலை முடிஞ்சுது. சாமான் கப்பல் அப்புறம் பார்த்துக்கலாம்.

இது ஒரு ஆளோட தப்புன்னு சொல்லிட்டுப் போயிடலாம், நிறைய பேர் அப்படித்தான் எழுதுறாங்க. எனக்கு அப்படித் தோணல. மிகாவா அன்னிக்கு பண்ணது அவர் படிச்ச பாடம், முப்பத்தி சொச்சம் வருஷமா அந்த நேவி முழுக்க படிச்ச பாடம். அதுக்கு ஜப்பான் மொழியில பேரு கன்தாய் கெஸ்ஸென். கப்பல்படையும் கப்பல்படையும் நேருக்கு நேர் மோதி ஒரே நாள்ல போரையே தீர்த்துடுற சண்டை, நம்ம பாஷைல சொன்னா வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு.

பாடம் எங்கேர்ந்து வந்துச்சுன்னா சுஷிமா. 1905 மே 27, 28. ரஷ்யா தன்னோட பால்டிக் கப்பல்படையை ஐரோப்பாவுலேர்ந்து ஆப்பிரிக்காவைச் சுத்தி, இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஏழு மாசத்துக்கு மேல ஓட்டிக் கொண்டு வந்துச்சு. கப்பல் அடியில பாசி, டெக் மேல மூட்டை மூட்டையா நிலக்கரி, ஆளுங்க சோர்ந்து போய்க் கிடக்காங்க. கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவுல இருக்கிற ஜலசந்தியில அட்மிரல் டோகோ மிகாசாங்கிற கப்பல்ல இருந்து காத்திருந்தார். கொடிமரத்துல Z-ங்கிற எழுத்துக்கான கொடி ஏறுச்சு, நாடு வாழுறதும் வீழுறதும் இந்த ஒரு சண்டையிலதான், எல்லாரும் உயிரைக் கொடுத்து உழைங்கங்கிறது அதோட அர்த்தம். மறுநாள் முடியிறதுக்குள்ள 38 ரஷ்ய கப்பல்ல 21 கடலுக்கடியில, ஏழு பிடிபட்டுச்சு, விளாடிவாஸ்டாக் போய்ச் சேர்ந்தது வெறும் மூணு. ஜப்பான் இழந்தது டார்பிடோங்கிற தண்ணிக்கடி குண்டை விடுற மூணு சின்னப் படகும் 117 ஆளும். நாலு மாசத்துக்குள்ள சமாதான ஒப்பந்தம்.

இப்படி ஒரு வெற்றி கிடைச்சா யாருக்குத்தான் தலைக்கு ஏறாது. மே 27 நேவி தினமா ஆச்சு. மிகாசாவை இன்னிக்கும் யோகோசுகாவுல நினைவுச் சின்னமா வெச்சிருக்காங்க. அந்த சண்டைல நிஷின்ங்கிற க்ரூசர்ல இருந்த ஒரு சின்னப் பையன் இடது கைல ரெண்டு விரலை இழந்தான், பின்னாடி ஜப்பான் கப்பல்படைக்கே தலைவராகி, யமமோட்டோ இசோரோக்குன்னு உலகம் பூரா தெரிஞ்ச ஆள் அவன்தான். ஆனா சுஷிமா மட்டும் அந்தப் போரை முடிக்கல. மஞ்சூரியாவுல தரைப்படை லட்சக்கணக்குல ரத்தம் சிந்தியிருந்துச்சு, ரஷ்யாவுக்குள்ள புரட்சி வெடிச்சிருந்துச்சு, ஜப்பான் கஜானாவும் கிட்டத்தட்ட காலி, ரெண்டு பக்கமும் நிறுத்தினா போதும்னு இருந்தாங்க. அதெல்லாம் பாடப்புத்தகத்துல பின்னாடி போயிடுச்சு, முன்னாடி நின்னது டோகோவும் Z கொடியும்.

இதுக்கு மேல அமெரிக்காவுலேர்ந்தே வந்த ஒரு தத்துவமும் சேர்ந்துகிச்சு. மஹான்னு ஒரு அமெரிக்க நேவி அதிகாரி, கடலை ஆளணும்னா எதிரியோட முக்கிய கப்பல்படையைத் தேடி அழிக்கணும்னு எழுதினவர், ஜப்பான் நேவிக்காரங்க அவரை மொழிபெயர்த்துப் படிச்சாங்க. டோகோவோட பக்கத்துல இருந்து திட்டம் போட்ட அகியாமா சனேயுகி அமெரிக்கா போய் மஹானை நேர்லயே பார்த்துட்டு வந்தவர். மஹான் வியாபாரக் கப்பல், துறைமுகம், சரக்குன்னும் பக்கம் பக்கமா எழுதியிருக்கார், அதை மட்டும் தாண்டிட்டாங்க.

அப்புறம் கணக்கு. 1907-லேயே அமெரிக்காவை வருங்கால எதிரின்னு காகிதத்துல எழுதியாச்சு. பசிபிக்கைத் தாண்டி வந்து தாக்குறவனுக்கு ஒன்றரை மடங்கு பலம் வேணும்னு ஒரு நம்பிக்கை. அமெரிக்காகிட்ட 100 கப்பல் இருந்து ஜப்பான்கிட்ட 70 இருந்தா அமெரிக்காவுக்கு 1.43 மடங்குதான், ஜப்பான் ஜெயிக்க சான்ஸ் இருக்கு. 60 ஆயிட்டா 1.67 மடங்கு, கதை முடிஞ்சுது. இந்த 60-க்கும் 70-க்கும் நடுவுல இருந்த பத்துதான் ஜப்பான் நேவியை இருபது வருஷம் தூங்க விடாம பண்ணுச்சு. 1922 வாஷிங்டன் ஒப்பந்தத்துல பேட்டில்ஷிப்புக்கு, அதாவது இருக்கிறதுலயே பெரிய பீரங்கிக் கப்பலுக்கு, அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் 5:5:3-ன்னு கையெழுத்தாச்சு, அதாவது அமெரிக்காவோட 100-க்கு ஜப்பானுக்கு 60. இதுல கொடுமை என்னன்னா பேச்சுவார்த்தை நடக்கும்போதே அமெரிக்காவோட ரகசிய ஆபீஸ் ஒண்ணு டோக்கியோவோட தந்தியை உடைச்சுப் படிச்சுட்டு இருந்துச்சு, ஜப்பான் கடைசியா 60-க்கு இறங்கி வரும்னு எதிர்ல உட்கார்ந்திருந்தவனுக்கு முன்னாடியே தெரியும். சீட்டைக் காட்டிக்கிட்டே ரம்மி ஆடின மாதிரி.

எண்ணிக்கைல குறைஞ்சதைத் தரத்துல ஈடுகட்டணும்னு இறங்குனாங்க பாருங்க, அந்த உழைப்பை மட்டும் குறை சொல்லவே முடியாது. திட்டம் என்னன்னா, அமெரிக்க கப்பல்படை ஹவாயிலேர்ந்து கிளம்பும், வழி பூரா நம்ம நீர்மூழ்கிகள் கடிக்கும், மார்ஷல் தீவு பக்கம் வந்தா கரையிலேர்ந்து கிளம்புற குண்டுவீச்சு விமானங்கள் கடிக்கும், கிட்ட வந்ததும் ராத்திரி டெஸ்ட்ராயரும் க்ரூசரும் டார்பிடோவோட பாயும், இப்படி நூறை எழுபதாக்கிட்டு விடியக்காலைல நம்ம பேட்டில்ஷிப் வரிசை வந்து ஒரே போடா போட்டு முடிக்கும். இதுக்காகவே டைப் 93-ன்னு ஆக்சிஜன்ல ஓடுற டார்பிடோ செஞ்சாங்க, 61 சென்டிமீட்டர் குறுக்களவு, முழு வேகத்துல 20 கிலோமீட்டர் போகும், பின்னாடி குமிழி கூட சரியா தெரியாது. உலகத்துல வேற யார்கிட்டயும் அதுக்கு ஈடா ஒண்ணு இல்ல.

பயிற்சியும் அதே வெறி. 1927 ஆகஸ்ட் 24 ராத்திரி மிஹோனோசெகி பக்கம் விளக்கில்லாம போர்ப்பயிற்சி, ஜின்ட்சூங்கிற க்ரூசர் வராபிங்கிற டெஸ்ட்ராயரை ரெண்டா பிளந்துடுச்சு, பின்னாடி வந்த நாகா இன்னொரு டெஸ்ட்ராயர் மேல மோதிச்சு, 119 பேர் செத்தாங்க. ஜின்ட்சூ கேப்டன் விசாரணை முடியுறதுக்குள்ள தற்கொலை பண்ணிகிட்டார். பயிற்சியை நிறுத்தினாங்களான்னா இல்ல. கப்பல் மேல ஆயுதத்தை ஏத்துறதுலயும் அளவே இல்லாம போச்சு, 1934-ல தொமொசுருன்னு புத்தம் புது டார்பிடோ படகு, மேல்பாரம் தாங்காம ஒரு புயல்ல குப்புறக் கவுந்துடுச்சு. ஒப்பந்தம் கொடுத்த டன்னுக்குள்ள எத்தனை பீரங்கி அடைக்க முடியுமோ அத்தனையும் அடைச்சதோட பலன்.

இந்த எண்ணத்தோட உச்சம் யமாட்டோங்கிற பேட்டில்ஷிப். ஒன்பது பீரங்கி, ஒவ்வொண்ணும் 46 சென்டிமீட்டர் வாய், குண்டு கிட்டத்தட்ட ஒன்றரை டன், 42 கிலோமீட்டர் போய் விழும். ஏன் 46-ன்னா அதுலயும் ஒரு கணக்கு, அமெரிக்க கப்பல் பனாமா கால்வாய்க்குள்ள நுழையணும்னா அகலம் ஒரு அளவுக்கு மேல போக முடியாது, அந்த அகலத்துல இவ்ளோ பெரிய பீரங்கியைத் தாங்குற கப்பல் கட்ட முடியாது, ஆக அவன் குண்டு எட்டாத தூரத்துல நின்னு நாம அடிக்கலாம். கேட்க அருமையா இருக்கு. அது படைல சேர்ந்தது 1941 டிசம்பர் 16. அதுக்கு ஆறு நாள் முன்னாடி, மலாயாவோட குவாந்தான் பக்கத்துக் கடல்ல பிரிட்டனோட பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ்னு ரெண்டு பெருங்கப்பலையும் இதே ஜப்பான் நேவியோட விமானங்கள் மூழ்கடிச்சிருந்துச்சு. யமாட்டோ மாதிரி கப்பலோட காலம் முடிஞ்சுதுன்னு நிரூபிச்சதே அவங்கதான்.

சரி, இவ்ளோ மூளைக்காரங்க எதை விட்டாங்க? காவல் வேலையை. ஜப்பான்ங்கிறது எண்ணெய், இரும்புத் தாது, பாக்சைட், அரிசி எல்லாத்தையும் கடல் வழியா கொண்டு வந்து வாழுற தீவு. 1941-ல போருக்குப் போனதே தெற்குல இருக்கிற எண்ணெய்க்குத்தான். அந்த எண்ணெய் ஊருக்கு வந்து சேரணும்னா டேங்கர் பத்திரமா வரணும், இது நம்ம தெருமுனை மளிகைக் கடைக்காரருக்குக் கூட புரியுற விஷயம். ஆனா கான்வாய் காவல், அதாவது கூட்டமா போற சரக்குக் கப்பலுக்குத் துணை போறது, அந்த நேவிக்குள்ள எடுபிடி வேலை, ப்ரமோஷன் வராத வேலை. போர் ஆரம்பிச்சப்ப காவலுக்குன்னே கட்டின புதுக் கப்பல் வெறும் நாலு, அதுவும் வடக்குல மீன்பிடிப் படகைப் பாதுகாக்கக் கட்டினது. இத்தனைக்கும் இவங்களுக்கு அனுபவம் இல்லன்னு சொல்ல முடியாது. 1917-ல முதல் உலகப்போர்ல ஜப்பான் டெஸ்ட்ராயருங்க மத்தியதரைக் கடல் வரைக்கும் போய் மால்டாவுல தங்கி, நேச நாட்டு துருப்புக் கப்பல்களை நீர்மூழ்கிகிட்டேர்ந்து காப்பாத்தி நல்ல பேரு வாங்குனாங்க, சகாகிங்கிற டெஸ்ட்ராயர் டார்பிடோ வாங்கி 59 பேர் செத்து அவங்களுக்கு மால்டாவுல நினைவுச் சின்னமும் இருக்கு. பாடம் அவங்க ரத்தத்துலயே எழுதி இருந்துச்சு, ஊருக்கு வந்ததும் சுஷிமா பாடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சாங்க.

1941 நவம்பர்ல பேரரசர் முன்னாடி வெச்ச கணக்குல, வருஷத்துக்கு 8 லட்சத்துலேர்ந்து 10 லட்சம் டன் சரக்குக் கப்பல் மூழ்கிப் போகும், 6 லட்சம் டன் புதுசா கட்டிடலாம், சமாளிச்சுடலாம்னாங்க. முதல் வருஷம் கணக்கு கிட்டத்தட்ட சரியாத்தான் போச்சு. 1943-ல போனது சுமார் 18 லட்சம், 1944-ல 38 லட்சம்.

யமமோட்டோ இந்த காத்திருக்கிற திட்டத்தையே உடைச்சவர்னு சொல்லுவாங்க, பாதி உண்மை. வரட்டும்னு உட்காராம போய் அடிச்சார், கேரியரை வெச்சு அடிச்சார், அது பெரிய மாற்றம்தான். ஆனா ஒரே அடில அமெரிக்காவோட மனசு உடையணும்ங்கிற ஆசை அதேதான். பேர்ல் ஹார்பர்ல அடிச்சது பேட்டில்ஷிப்பை, விட்டுட்டு வந்தது சுமார் 45 லட்சம் பீப்பாய் எண்ணெய் நின்ன தொட்டிகளை, ரிப்பேர் யார்டை, நீர்மூழ்கித் தளத்தை. அன்னிக்கு சில மணி நேரத்துக்குள்ள வாஷிங்டன்லேர்ந்து போன ஆர்டர், ஜப்பான் கொடி பறக்குற எந்தக் கப்பலா இருந்தாலும் எச்சரிக்கை இல்லாம மூழ்கடிங்கங்கிறதுதான். அந்த மாசக் கடைசில அட்மிரல் நிமிட்ஸ் அமெரிக்காவோட பசிபிக் படைக்கு பொறுப்பு எடுத்துகிட்டது கிரேலிங்ங்கிற நீர்மூழ்கியோட டெக் மேல நின்னு.

1942 ஏப்ரல்ல ஜப்பான்காரங்க நம்ம இந்தியா, இலங்கை பக்கமும் வந்தாங்க. 5-ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறு அன்னிக்கு கொழும்பு, 9-ஆம் தேதி திருகோணமலை, மட்டக்களப்புக்கு அப்பால ஹெர்மிஸ்ங்கிற பிரிட்டிஷ் கேரியரை பத்து பதினைஞ்சு நிமிஷத்துல மூழ்கடிச்சாங்க, இன்னிக்கும் டைவிங் போறவங்க அதைப் போய்ப் பார்த்துட்டு வர்றாங்க. நடுவுல விசாகப்பட்டினம், காக்கிநாடா மேலயும் குண்டு, மெட்ராஸ்ல ஜனங்க ஊரைக் காலி பண்ணிட்டு ஓடினாங்க. இதுல அதிகம் பேசப்படாத விஷயம், அட்மிரல் ஓசாவாவோட சின்னப் படை வங்காள விரிகுடாவுல சில நாள்லயே இருபதுக்கு மேல சரக்குக் கப்பலை முடிச்சது. கிழக்கிந்தியக் கரை கப்பல் போக்குவரத்தே நின்னு போச்சு. எவ்ளோ சுலபமா இது நடந்துச்சுன்னு பார்த்தும் அவங்களுக்கு எதுவும் உறைக்கல, படை கிழக்க திரும்பிடுச்சு, ஏன்னா அமெரிக்க கேரியரோட அந்தப் பெரிய சண்டை பாக்கி இருக்கு.

அதுக்கு அவங்க பார்த்த இடம் நடு பசிபிக்ல இருக்கிற மிட்வே தீவு. அட்மிரல் நகுமோவோட கேரியர் படை கிளம்புனது 1942 மே 27, நேவி தினம் பார்த்து. அதுக்கு முன்னாடி யமாட்டோவுல மேஜை மேல போர் விளையாட்டு நடத்திப் பார்த்தாங்க, அங்க இருந்தவங்க போருக்கு அப்புறம் எழுதினது இது. அமெரிக்க விமானம் வந்தா எத்தனை குண்டு விழும்னு நடுவர் தாயக்கட்டையை உருட்டுறார், ஒன்பது விழுந்துடுச்சு, அகாகியும் காகாவும் காலி. யமமோட்டோவோட தலைமை அதிகாரி உகாகி குறுக்க வந்து ஒன்பது இல்ல மூணுன்னு எழுதச் சொல்றார், அகாகி பிழைச்சுகிச்சு, மூழ்கின காகாவும் அடுத்த ஆட்டத்துல எழுந்து வந்துடுச்சு. நிஜத்துல ஜூன் 4-ஆம் தேதி அகாகி, காகா, சோர்யூ, ஹிர்யூ நாலும் போச்சு. யமமோட்டோவோட யமாட்டோ அப்ப நூத்துக்கணக்கான கிலோமீட்டர் பின்னாடி, விடியக்காலை பேட்டில்ஷிப் சண்டைக்காக காத்துட்டு இருந்துச்சு.

அமெரிக்க நீர்மூழ்கிகளும் முதல்ல ஒண்ணும் கிழிக்கல. அவங்க மார்க் 14 டார்பிடோ ஆழம் தப்பா ஓடும், இடிச்சாலும் வெடிக்காது, அதைச் சரி பண்ணவே 1943 கடைசி ஆயிடுச்சு. அதாவது ஜப்பானுக்கு கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஓசியில கிடைச்சுது. காவல்படைக்குன்னு ஒரு தலைமையகம் ஆரம்பிச்சது 1943 நவம்பர்ல. மொத்தத்துல ஜப்பான் இழந்த 80 லட்சம் டன் சொச்ச சரக்குக் கப்பல்ல பாதிக்கு மேல அமெரிக்க நீர்மூழ்கி வேலை, அமெரிக்க நேவியில நூத்துக்கு ரெண்டு பேர் கூட இல்லாத ஒரு பிரிவு பண்ணது. ஜப்பானோட நீர்மூழ்கிகளும் நல்ல சாமான்தான், யார்க்டவுனையும் வாஸ்ப்பையும் முடிச்சதே அதுங்கதான், ஆனா போர்க்கப்பலைத் தேடுறதுதான் வேலைன்னு விட்டதால ஹவாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன அமெரிக்க சரக்கு பெரும்பாலும் நிம்மதியா போச்சு.

கடல் வழியைக் காப்பாத்த முடியாததுக்கு விலை கொடுத்தது ஜப்பான்காரங்க மட்டும் இல்ல. மலாயாவைச் சுத்தி ரங்கூனுக்கு கப்பல் அனுப்புறது ஆபத்துன்னுதான் சயாம்லேர்ந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டாங்க, மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழங்களை ஆயிரக்கணக்குல ஆசை காட்டியும் பிடிச்சுட்டுப் போயும் காட்டுல தள்ளி, காலராவுலயும் பசியிலயும் கொன்ன அந்த சயாம் மரண ரயில். அதைப் பத்திப் பேசுறப்ப ராணுவத்தோட கொடூரத்தைச் சொல்றோம், சொல்லணும்தான். கூடவே, காவல் வேலையைக் கேவலமா நினைச்ச ஒரு நேவியும் அந்தக் கதைக்குள்ள இருக்கு.

கடைசில அந்த ஒரு சண்டையும் டேங்கர்கிட்ட வந்து மாட்டுச்சு. 1944 ஜூன், பிலிப்பைன் கடல், ஓசாவா தைஹோங்கிற புது கேரியர்ல திரும்ப Z கொடி ஏத்துறார். ஆனா அதுக்கு முன்னாடி படை எங்க நிக்கணும்னு முடிவு பண்ணதே எண்ணெய்தான், போர்னியோ எண்ணெய்க் கிணறு பக்கத்துல தாவி தாவின்னு ஒரு இடம், அங்க விமானதளம் சரியில்ல, வெளிய வந்தா நீர்மூழ்கி, ஆக பைலட்டுங்க வாரக்கணக்கா பறக்காம சும்மா உட்கார்ந்திருந்தாங்க. சுத்திகரிக்காத கச்சா எண்ணெயை அப்படியே சில கப்பலுக்கு ஊத்துனாங்க. தைஹோ வாங்கினது ஒரே ஒரு டார்பிடோ, உள்ள கசிஞ்ச எரிபொருள் ஆவி கப்பல் பூரா பரவி சில மணி நேரம் கழிச்சு வெடிச்சுது.

அக்டோபர்ல லெய்ட்டே, அமெரிக்கப் படை கரை இறங்குன பிலிப்பைன்ஸ் தீவு. பேட்டில்ஷிப்புங்க எண்ணெய் இருக்கிற சிங்கப்பூர் பக்கம் லிங்காவுல, கேரியருங்க ஜப்பான்ல, ஒரே படை ரெண்டு கடல்ல கிடந்துச்சு. அங்க நிக்கிற சரக்குக் கப்பலை அடிக்கிறதுக்கு மொத்தப் படையையும் பலி கொடுக்கணுமான்னு, பேட்டில்ஷிப்புங்களுக்குத் தலைமை தாங்குன அட்மிரல் குரிட்டாவோட அதிகாரிங்க கிளம்புறதுக்கு முன்னாடியே முணுமுணுத்தாங்க. 25-ஆம் தேதி சமார் பக்கம் யமாட்டோ வாழ்நாள்ல முதலும் கடைசியுமா எதிரிக் கப்பல் மேல அந்த 46 சென்டிமீட்டரை சுட்டுச்சு, எதிர்ல இருந்தது குட்டி கேரியரும் டெஸ்ட்ராயரும்தான், ஆனா அவங்க பேய் மாதிரி திருப்பி அடிச்சாங்க. லெய்ட்டே வளைகுடா கிட்டத்துல இருந்துச்சு, குரிட்டா திரும்பிட்டார், வடக்குல எதிரி கேரியர் படை இருக்கிறதா தகவல்னு சொன்னார். சாவோ ராத்திரி மிகாவா பண்ணதையே இவரும் பண்ணார். ஒரு வித்தியாசம், அதுக்குள்ள சாமான் பெரும்பாலும் கரை இறங்கியாச்சு, உள்ள போயிருந்தாலும் பெருசா ஒண்ணும் ஆகியிருக்காது.

1945 ஏப்ரல். காவல்படைத் தலைமையகத்துல ஓய் அட்சுஷின்னு ஒரு அதிகாரி, மிச்சம் மீதி இருந்த கப்பலை வெச்சு கொரியா, மஞ்சூரியா பக்கத்துலேர்ந்து தானியமும் உப்பும் கொண்டு வர்ற வேலையைப் பார்த்துட்டு இருந்தவர். அந்த மாசம் அவங்களுக்குன்னு ஒதுக்குனது 7,000 டன் எண்ணெய். அதுல 4,000 டன்னை யமாட்டோ ஒகினாவாவுக்குப் போறதுக்காக எடுத்துக்கிறோம்னு ஆர்டர் வந்துச்சு, திரும்பி வர்ற பயணம் இல்லன்னு எல்லாருக்கும் தெரியும். ஏன் போகணும்னு வந்த தந்தியில மேற்பரப்புக் கப்பல்படையோட பாரம்பரியம், பெருமைன்னு எழுதி இருந்துச்சு. அதைப் படிச்சதும், நாடே சேர்ந்து போராடிட்டு இருக்கு, பாரம்பரியமாவது பெருமையாவது, முட்டாப்பசங்களான்னு கத்தினதா அவரே பின்னாடி எழுதி வெச்சிருக்கார்.

ஏப்ரல் 7 மத்தியானம் 2.23-க்கு யமாட்டோ கவுந்து வெடிச்சுது. 2,500 பேருக்கு மேல செத்தாங்க. எதிரி கப்பல் ஒண்ணு கூட கண்ணுல படல, வந்தது பூரா விமானம்.